விசாவுக்கு முன் இரண்டு ஆண்டுகள்

திருச்சி - துறையூர் சாலையில் உள்ள திருவெள்ளறையில் ஸ்வஸ்திக் வடிவக் கிணறு ஒன்று இருக்கிறது. பல்லவ மன்னன் தந்திவர்மனின் 4ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5ஆம் ஆண்டில் முடித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. ஒரு துறையில் குளிப்பவர் மறு துறையில் இருப்பவருக்குத் தெரியமாட்டார். சரியாக அளந்து திட்டமிடாமல் இப்படித் தோண்ட முடியாது.

அந்த அறிவைத்தான் இன்று ஐடிஐகளில் டிராப்ட்ஸ்மேன் சிவில், சர்வேயர் என்று இரண்டு பிரிவுகளாகக் கற்றுத் தருகிறார்கள். பத்தாம் வகுப்பில் தேறியிருந்தால் சேரலாம். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாயும் கிடைக்கும்.

2022இல் டிஎன்பிஎஸ்சி நில அளவர், வரைவாளர் பணிகளுக்கு 1089 இடங்களை அறிவித்தபோது இந்த ஐடிஐ சான்றிதழும் தகுதியாக ஏற்கப்பட்டது. நம்மில் எத்தனை பேர் விண்ணப்பித்தோம்?

1802இல் சென்னையில் தொடங்கிய மாபெரும் நில அளவைப் பணியின் கருவிகளைப் பின்னாளில் செப்பனிட்டுக் காத்தவர் ஆற்காட்டின் சையித் மீர் முஹ்சின் ஹுசைன். இத்துறை நமக்குப் புதிதல்ல.

வளைகுடாவில் ஹெல்பராக இறங்குபவர் பிறர் போட்ட கோட்டின்மேல் கல் சுமக்கிறார். கோடு போடத் தெரிந்தவருக்குச் சம்பளமும் மரியாதையும் வேறு. வரைபடப் பணி நம் பெண்பிள்ளைகளுக்கும் ஏற்றது.

பத்தாம் வகுப்பு முடிவுகள் வரும் வாரத்தில், ஜும்ஆ அறிவிப்புகளோடு ஐடிஐ சேர்க்கைத் தேதியையும் ஜமாஅத்துகள் சொல்லட்டும். விசா இரண்டு ஆண்டுகள் காத்திருக்கும். படிக்கும் வயது காத்திருக்காது.