பத்தியமும் பந்தியும்

சாப்பாட்டைப் பற்றி நாஞ்சில் நாட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுப்பது அபாயமான காரியம். அவியல், எரிசேரி, புளிசேரி, துவரன் என்று ஆரம்பித்து அவர் அடைப் பிரதமனில் வந்து நிற்பதற்குள் கேட்பவருக்குப் பசி வந்துவிடும். அதோடு விடமாட்டார். பிரதமனை இலையில் ஊற்றி, பப்படத்தை நொறுக்கிப் போட்டு, மட்டிப் பழத்தையும் சேர்த்துப் பிசைந்து உண்ணும் முறையை விளக்கி முடித்த பிறகுதான் நம்மைப் போக அனுமதிப்பார்.

இப்படிப்பட்ட ரசிகர் ஒருவருக்கு வயது எண்பதாகி, சர்க்கரை வியாதியும் வந்து, பிள்ளைகள் கடல் கடந்து உத்தியோகம் பார்க்கப் போய்விட்டதால் முதியோர் இல்லத்தில் வசிக்கும்படியும் நேர்ந்தால் அவருடைய கதி என்ன? சென்ற ஓணத்தன்று நாகர்கோவிலை அடுத்த ஓர் இல்லத்துக்குப் போயிருந்தபோது இந்தக் கேள்வி நம் கண்முன்னே உட்கார்ந்திருந்தது.

கூடத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. முப்பது பேருக்கு இலை போட்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி, ஜன்னலோரமாக, எட்டுப் பேர் தட்டும் கையுமாக இருந்தார்கள். அவர்களுடைய தட்டில் இரண்டு சப்பாத்தி, உப்பில்லாத ஒரு கூட்டு, ஒரு தம்ளர் மோர். "இவர்களெல்லாம் சுகர்" என்று சமையற்காரர் நமக்கு அறிமுகம் செய்து வைத்தார். மனிதர்களுக்கு வியாதியின் பெயரையே சூட்டிவிடுவது எவ்வளவு சௌகரியம்!

அந்த எட்டுப் பேரில் ஒரு பாட்டா தட்டைத் தொடவே இல்லை. பக்கத்தில் போய் விசாரித்தோம். "எனக்குச் சீனி தின்ன ஆசையில்லை, பிள்ளே. அறுபது வருஷம் தின்னாச்சு. பந்தியிலே ஒரு இலை வேண்டாமா?" என்றார்.

அவர் கேட்டது பாயசமல்ல, இடம். இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடுவதுதான் அநேக இல்லங்களில் நடக்கும் பிழை.

இது ஏதோ எட்டுப் பேருடைய விஷயம் என்று நேயர்கள் நினைத்துவிட வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான பெரும் ஆய்வின்படி, நம் தேசத்தில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டமோ, 2011-ஆம் வருஷத்து ஜனக் கணக்கில் நூற்றுக்கு 91 பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரிந்த மாவட்டம். தமிழ் நாட்டில் முதலிடம் அதற்குத்தான். படித்த பிள்ளைகள் தூர தேசங்களுக்குப் போகிறார்கள். பெற்றோர்கள் இங்கே தங்குகிறார்கள். முதியோர் இல்லங்களின் தேவை இனி வளருமே தவிரக் குறையப்போவதில்லை.

இந்த வியாதிக்கும் பட்டினிக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1922-இல் கானடா தேசத்து டொரான்டோ நகரில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன்பெல்லாம், கடுமையான நீரிழிவு கண்ட நோயாளியின் ஆகாரத்தை எலும்பும் தோலுமாகும் வரையில் குறைப்பதுதான் பெரிய டாக்டர்களும் அறிந்த சிகிச்சை. அன்று வேறு வழியில்லை. இன்சுலின் வந்து நூறு வருஷம் கடந்துவிட்டது. ஆனால் பத்தியம் என்றால் தண்டனை என்கிற எண்ணம் மட்டும் நம் சமையலறைகளை விட்டு இன்னும் போகவில்லை.

நம் நாட்டிலும் இதைப்பற்றி யோசித்தவர்கள் இல்லாமல் போகவில்லை. டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-இல் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நீரிழிவுக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கினார். நம்மவர் வழக்கமாக உண்ணும் தானியத்தையும் பயறையும் காய்கறியையும் கொண்டே, நார்ச்சத்து மிகுந்த ஆகார முறையை வகுப்பதில் அவர் சிரத்தை காட்டினார். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தாரும், இல்லங்களில் வசிக்கும் முதியவர்களுக்கென்று 2016-இல் வெளியிட்ட யோசனைகளில் ஏறக்குறைய இந்த வழிக்கே வந்தார்கள். கடும் பத்தியம் வேண்டாம். மற்றவர்கள் உண்ணும் சாப்பாட்டையே கொடுங்கள். மாவுச்சத்தின் அளவு மட்டும் வேளைக்கு வேளை ஒரே சீராக இருக்கட்டும் என்பது அவர்களுடைய சாரம். காரணம் என்ன? பத்தியத்துக்குப் பயந்து கிழவர்கள் சாப்பாட்டையே குறைத்து, மெலிந்து, பலமிழந்து போகிறார்கள். எண்பது வயதில் சதை கரைவது சர்க்கரை சற்று ஏறுவதைவிடப் பொல்லாதது.

நாம் பார்த்த சப்பாத்தியையே எடுத்துக்கொள்வோம். அரிசிக்குப் பதில் கோதுமை வந்துவிட்டால் சர்க்கரை போய்விடும் என்பது ஒரு நம்பிக்கை. கோதுமையும் மாவுதான், எத்தனை சப்பாத்தி என்பதுதான் கணக்கு. ஆயுள் முழுவதும் சோறு உண்டவருக்குப் பல் போன வயதில் சப்பாத்தியைக் கொடுத்தால் அவர் பாதியை மென்று, மீதியை மடித்து வைத்துவிடுவார். அதைவிட, சுமார் 150 கிராம் சோற்றில் ஏறக்குறைய 40 கிராம் மாவுச்சத்து இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, ஒரே கிண்ணத்தால் தினமும் அளந்து போடுவது மேல். கிண்ணத்துக்குத் தாட்சண்யம் கிடையாது, கரண்டிக்கு உண்டு.

நாஞ்சில் நாட்டின் சொந்தச் சாப்பாட்டிலேயே நல்ல பத்தியம் இருக்கிறது. கஞ்சியை மட்டும் குடித்தால் சர்க்கரை மளமளவென்று ஏறும். ஆனால் நம் பெரியவர்கள் கஞ்சியை மட்டும் என்றைக்குக் குடித்தார்கள்? சிறுபயறும், கீரைத் துவரனும், ஒரு துண்டு மீனும் கூடவே இருந்தன. இவை சேரும்போது கஞ்சியின் வேகம் மட்டுப்படுகிறது. சாளை மீன் விலை குறைந்தது என்பதற்காக அதன் மதிப்பைக் குறைத்துவிடக் கூடாது. சைவருக்குப் பயறும் மோரும் இருக்கவே இருக்கின்றன.

மரச்சீனிக் கிழங்கு, பெயரிலேயே சீனியை வைத்துக்கொண்டு நம்மை எச்சரிக்கிறது. 1880 முதல் 1885 வரையில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கைப் பரப்பினார். இரண்டாவது உலக யுத்தத்தில் பர்மா அரிசி நின்றபோது ஏழைகளின் உயிரைக் காத்தது இதுவே. அந்த நன்றியை மறக்க வேண்டாம். ஆயினும், எடைக்கு எடை பார்த்தால் இதில் மாவுச்சத்து சோற்றைவிட அதிகம். கிழங்கு வைக்கும் நாளில் சோற்றைக் குறைக்க வேண்டும். சோற்றுக்குத் தொடுகறியாகக் கிழங்கை வைப்பது இரண்டு சோறு சாப்பிடுவது போலத்தான்.

கருப்பட்டியைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். "சீனிதானே ஆகாது? கருப்பட்டிக் காப்பிக்கு என்ன?" என்று கேட்பவர்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். கருப்பட்டியின் வாசனை சீனிக்கு வராது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வயிற்றுக்குள் போனபின் அதுவும் பெரும்பாலும் சீனியே. நிறத்தைக் கண்டு இரத்தம் ஏமாறுவதில்லை.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். அந்த ஓணத்தன்று இரவு நடந்ததைப் பின்னால் அங்கே பணி செய்யும் ஒரு பெண் நமக்குச் சொன்னாள். பகலில் பட்ட வருத்தத்தில் பாட்டா ராத்திரியும் சாப்பிடவில்லை. வழக்கமான ஊசியை மட்டும் வழக்கமான நேரத்தில் போட்டிருந்தார்கள். தட்டு அப்படியே திரும்பி வந்ததைச் சமையலறை பார்த்தது. ஊசி போட்டவர் பார்க்கவில்லை. நடுநிசிக்குமேல் பாட்டா எழுந்து உட்கார்ந்துகொண்டு, என்றோ காலமான தம் மனைவியைக் கூப்பிட்டாராம். "வயசாச்சு, புத்தி தடுமாறுது" என்றார் பக்கத்துக் கட்டில்காரர். அந்தப் பெண் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வேர்வை வெள்ளமாயிருந்தது. விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தாள், சர்க்கரை 48.

70-க்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. வாலிபர்களுக்கு நடுக்கமும் பசியும் முன்கூட்டி அறிவிக்கும். முதியவர்களுக்குப் பல சமயங்களில் குழப்பமும் தூக்கமும் தள்ளாட்டமுமே அடையாளம். அவற்றை மூப்பின்மேல் போட்டுவிடுவது சுலபம். பாட்டாவுக்கு விழுங்கும் நினைவு இருந்தது. 3 தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் சோதித்து, பிறகு கொஞ்சம் கஞ்சியும் கொடுத்தாள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். "பாட்டா, ஊசி போட்ட பொறவு சாப்பிடாம இருக்கப்பிடாது, கேட்டியளா?" என்றாளாம் அவள். "இலை போட்டா சாப்பிடுகேன், மக்கா" என்றாராம் அவர்.

ஆகவே இல்லங்களை நடத்துகிறவர்களுக்கு நம்முடைய விண்ணப்பம் இது. ஊசியும் உணவும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றை விட்டு ஒன்று போகக் கூடாது. யார் எவ்வளவு சாப்பிட்டார் என்பதைப் பரிமாறுகிறவர் ஒரு நோட்டில் குறிக்கட்டும். ஊசி போடுகிறவர் அதைப் பார்க்கட்டும். சாப்பிடாதவருக்கு என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்னதாகவே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குப் பயறும் மீனும் எவ்வளவு என்பதையும் அவரே சொல்ல வேண்டும். தளர்ந்த கிழவருக்கு வாலிபருடைய இலக்கை வைத்து மருந்தை ஏற்ற வேண்டியதில்லை என்பதையும் கேட்டறிந்துகொள்வது நலம். 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது, திக்கற்ற முதியோர் 150 பேர் தங்கக்கூடிய இல்லம் அமைக்க இடம் தருகிறது. கூரையைச் சட்டம் போடலாம்; இலையைப் போடுவது மனிதர்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஆறு மாதம் வராத குற்றத்தை ஒரு பொட்டலம் முந்திரிக்கொத்தில் கரைக்கப் பார்க்காதீர்கள். தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கும் பலகாரம் கணக்கில் சேராது. மறுநாள் சர்க்கரை ஏறியதைக் கண்டு மருந்தைக் கூட்டுவார்கள். பொட்டலம் தீர்ந்த மறுநாள் அதே மருந்து அபாயமாகும். கொண்டு வருவதைப் பணிப்பெண்ணிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். ஒரு முந்திரிக்கொத்தைப் பகிர்ந்து தின்றுகொண்டே ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனால், அது எந்தப் பத்தியத்துக்கும் விரோதமல்ல.

சில நாளைக்கு முன் மறுபடியும் அந்த இல்லத்துக்குப் போனோம். ஜன்னலோரத்துத் தட்டுக்களைக் காணோம். எட்டுப் பேரும் பந்தியில் இருந்தார்கள். கிண்ணத்தால் அளந்த சோறு, தாராளமாக அவியலும் துவரனும், யாரோ ஒருவருடைய பிறந்தநாளுக்காக ஒரு சிறு கரண்டி பிரதமன். அதற்கு ஈடாகச் சோற்றில் பாதி குறைத்திருந்தார்கள். பாட்டா அந்தக் கரண்டிப் பிரதமனில் கால் பப்படத்தை நொறுக்கிப் போட்டு, மிகுந்த சிரத்தையோடு பிசைந்துகொண்டிருந்தார்.

"மட்டிப் பழம் இல்லையா?" என்று கேட்டோம்.

"அது நாளைக்கு, பிள்ளே. கணக்கு இருக்கு" என்றார் அவர்.