பையும் கடைச் செலவே

பொம்மையார்பாளையம் வழியே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸும் காரும் பறக்கின்றன. அதே சாலையில்தான் நம் கடை ஊழியர்கள் வசூலுக்கும், வீடுகளுக்குச் சரக்கு கொடுக்கவும் சைக்கிளில் போகிறார்கள். ஹேண்டில்பாரில் தொங்கும் பை சக்கரக் கம்பியில் சிக்கினால் ஆள் விழுவார். அரிசி, எண்ணெய் போன்ற கனத்தைக் கேரியரில் இறுக்கிக் கட்டச் சொல்வோம். பில் புத்தகமும் பணமும் முதுகுப் பையில் இருக்கட்டும்.

பை வாங்கும்போது அகலமான தோள்பட்டை, ஆடாமல் பிடிக்கும் நெஞ்சுப்பட்டை, இரவில் வண்டி வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மரக்காணம் உப்பளக் கரைக் காற்றில் இரும்பு ஜிப் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் ஜிப்பே மேல். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மேலுறையும் அவசியம்.

ஊழியரே வாங்கிக்கொள்ளட்டும் என்று விடாமல், இதைக் கடைக் கணக்கில் எழுதுவதே வணிகர்களாகிய நமக்கு அழகு.