அந்த அறுபது நாட்கள்



கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் திருப்பலி முடிந்து பங்கு அலுவலகத்தில் திருமுழுக்குப் பதிவேட்டில் கையெழுத்திட்டுக் கொண்டிருந்தேன். நம் பங்கைச் சேர்ந்த ஒரு வயதான அம்மா வந்து உட்கார்ந்தார். அவருடைய மகளும் மருமகனும் பதினோரு ஆண்டுகளாக அமெரிக்காவில் இருக்கிறார்கள். குழந்தை இல்லை. சிகிச்சைகள் எல்லாம் பார்த்தாகிவிட்டது. "சாமி, நம்ம சிஸ்டர்ங்க இல்லத்துல எத்தனையோ பிள்ளைங்க இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா தர மாட்டாங்களா? டிசம்பர்ல லீவுக்கு வர்றாங்க, வந்தா கையோட கூட்டிட்டுப் போயிடுவாங்க" என்றார்.

இப்படிக் கேட்டவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருவராவது கேட்கிறார்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். அங்கே தாயில்லாத பிள்ளை, இங்கே பிள்ளையில்லாத தாய், இடையில் எதற்கு இத்தனை காகிதங்கள் என்பது அவர்கள் ஆதங்கம். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி. நீண்ட காலம் இந்நாட்டுச் சட்டத்தின் கண்களில், தத்தெடுப்பைப் பொறுத்தவரை, கிறிஸ்தவர்களாகிய நாமும் வெளிநாட்டவரும் ஒரே படியில்தான் நின்றோம். 1956-ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கிய மக்களுக்கு மட்டுமே பொருந்தியது. ஒரு கத்தோலிக்கத் தம்பதியர் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி குழந்தையின் காப்பாளராக ஆகலாம். தாய் தந்தை ஆக முடியாது. ஜெர்மனியிலிருந்தோ சுவீடனிலிருந்தோ வந்தவரும் அதே சட்டத்தின்கீழ் காப்பாளராகப் பெயர் பதிந்து, குழந்தையைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோய், அங்குள்ள நீதிமன்றத்தில் தத்தெடுத்துக் கொண்டார். 2000-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் 2006-இல் வந்த அதன் திருத்தமும்தான் சமய வேறுபாடின்றி எல்லாருக்கும் அந்தக் கதவைத் திறந்தன. இன்று நடைமுறையில் இருப்பது அதே பெயரில் 2015-இல் வந்த சட்டம்.

வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கு ஒழுங்கு வந்ததற்கு ஒரு கடிதம் காரணம். லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர், தத்து என்ற பெயரில் இந்தியக் குழந்தைகள் வெளிநாடுகளுக்கு அனுப்பப்படுவதில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றி 1982-இல் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார். அக்கடிதமே வழக்காக ஏற்கப்பட்டு, 1984 பிப்ரவரியில் நீதிபதி பகவதி தீர்ப்பு வழங்கினார். முதலில் சொந்த நாட்டில் ஒரு குடும்பம் தேட வேண்டும், கிடைக்காதபோதே கடல் கடக்கலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். 1993-இல் உருவான ஹேக் உடன்படிக்கையும் இதையே சொல்கிறது. இந்தியா அதை 2003-இல் ஏற்றுக்கொண்டது. அதன் 4-ஆம் பிரிவைப் பங்குமக்கள் அனைவரும் அறிந்திருப்பது நல்லது. பெற்றோரின் சம்மதம் சுதந்திரமாகத் தரப்பட வேண்டும்; பணமோ வேறு கைம்மாறோ தந்து அதைப் பெறக் கூடாது; தாயின் சம்மதத்தைக் குழந்தை பிறந்த பின்னரே பெற வேண்டும்.

இன்று இந்த நடைமுறை எப்படிச் செல்கிறது? அந்த அம்மாவின் மகள், தான் வாழும் நாட்டில் அங்கீகாரம் பெற்ற தத்தெடுப்பு நிறுவனத்தை அணுக வேண்டும். அவர்கள் வீட்டுக்கு வந்து, தம்பதியரோடு பேசி, உடல்நலம், வருமானம், குடும்பச் சூழல் எல்லாம் பார்த்து வீட்டு ஆய்வு அறிக்கை எழுதுவார்கள். அது 'காரா' எனப்படும் மத்திய தத்துவள ஆதார ஆணையத்தின் இணையப் பதிவில் ஏறும். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கு வரிசையில் உள்நாட்டில் இருப்பவர்களுக்குச் சமமான இடம் உண்டு. குழந்தை குறிக்கப்பட்டு, தம்பதியர் ஏற்றபின், அந்நாட்டு அரசின் ஒப்புதல், காராவின் தடையின்மைச் சான்றிதழ், மாவட்ட ஆட்சியரின் தத்தெடுப்பு ஆணை, ஹேக் உடன்படிக்கையின் 23-ஆம் பிரிவுப்படியான சான்றிதழ், பிறகு பாஸ்போர்ட், விசா. (2022 செப்டம்பர் வரை ஆணை பிறப்பித்தது நீதிமன்றம்.) குழந்தை போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு அங்கிருந்து நலன் குறித்த அறிக்கைகள் வர வேண்டும்.

இது தம்பதியரின் பக்கம். நாம் அதிகம் பார்க்காதது மறுபக்கம். கண்டெடுக்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் சேர்க்க வேண்டும். பெற்றோரைத் தேட வேண்டும். செய்தித்தாளில் படம் போட வேண்டும். குழந்தைக்கு இரண்டு வயதுக்குள் என்றால் இரண்டு மாதத்திலும், அதற்கு மேல் என்றால் நான்கு மாதத்திலும் இந்தத் தேடலை முடித்த பிறகுதான், தத்துக் கொடுக்கத் தடையற்ற குழந்தை என்று குழு அறிவிக்க முடியும். தாயே ஒப்படைக்கும் குழந்தை என்றால், குழுவின் முன் அவள் கையெழுத்திட்ட பின்னும் மனம் மாறுவதற்கு அறுபது நாட்கள் உண்டு.

இந்த அறுபது நாட்களைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

குருப்பட்டம் பெற்ற தொடக்க ஆண்டுகளில், வேறொரு பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். திருமணமாகாத பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்திக்குக் குழந்தை பிறந்தது. குடும்பத்தார் ஊரறியாமல் முடிக்க வேண்டும் என்று அழுதார்கள். நான் ஓர் இல்லத்தில் பேசினேன். ஒப்படைப்புக் கடிதத்தை நானே எழுதினேன், அவளுக்குச் சரியாக எழுத வராது என்பதால். "முழு மனதுடன்" என்ற சொற்கள் என்னுடையவை. அவள் கையெழுத்து மட்டும் போட்டாள். வாசித்துக் காட்டினேனா என்று இன்று நினைவில்லை. ஏறக்குறைய நாற்பது நாள் கழித்து அவள் தனியாக வந்து, பிள்ளையை ஒரு தடவை பார்க்க முடியுமா என்று கேட்டாள். விசாரித்தேன். குழந்தை அங்கிருந்து அனுப்பப்பட்டுவிட்டது என்றார்கள். உள்நாட்டுக்கா வெளிநாட்டுக்கா என்றுகூட நான் கேட்கவில்லை. ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று அவளை அனுப்பி வைத்தேன். அவளுக்கு அறுபது நாள் உரிமை இருந்தது என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கருத்தரங்கில்தான் எனக்குத் தெரிய வந்தது. இறையியல் நான்கு ஆண்டு படித்தவன். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் தேடிப் படிக்கவில்லை.

இது என் ஒருவனின் அறியாமை என்று விட்டுவிடலாம். ஆனால் அயர்லாந்தைப் பாருங்கள். 1940-களின் பிற்பகுதி முதல் 1970-களின் தொடக்கம் வரை, திருமணமாகாத தாய்மாரின் பிள்ளைகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குத் தத்தாக அனுப்பப்பட்டார்கள். பலர் அருள்சகோதரிகள் நடத்திய இல்லங்களிலிருந்து சென்றவர்கள். குழந்தையைப் பெறுகிறவர்கள் நல்ல கத்தோலிக்கர்தானா என்று டப்ளின் பேராயர் நிபந்தனை வைத்தார். தாய் மனமுவந்து தருகிறாளா என்பதில் அந்த அளவு அக்கறை காட்டப்படவில்லை. விசாரணை ஆணையத்தின் அறிக்கை வெளிவந்தபின், 2021 ஜனவரியில் அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். தம் பிறப்புச் சான்றிதழைப் பெறும் உரிமைகூட அந்தப் பிள்ளைகளுக்கு 2022-இல் வந்த சட்டத்தால்தான் முழுமையாகக் கிடைத்தது. அதற்குள் எத்தனையோ தாய்மார் இறந்துவிட்டிருந்தார்கள்.

அருட்பணியில் இருப்பவர்கள் செய்த தவறு இது என்றால், பணத்துக்காகச் செய்ததும் உண்டு. அதற்கு அயர்லாந்து வரை போக வேண்டியதில்லை. 2005-இல் சென்னையில், குடிசைப் பகுதிகளிலிருந்து பிள்ளைகளைத் திருடி, பொய்ப் பத்திரங்களோடு தத்து நிறுவனம் ஒன்றின் வழியே வெளிநாட்டுக்கு அனுப்பிய கும்பல் பிடிபட்டது. நெதர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பெற்றோர் நல்லெண்ணத்தோடு வாங்கி வளர்த்த பிள்ளைகளைத் தேடி, இங்கே தாய்மார் காவல் நிலையப் படி ஏறிக்கொண்டிருந்தார்கள். தாயின் கையெழுத்து என்று கோப்பில் இருந்தது தாயின் கையெழுத்தே அல்ல. தென் கொரியாவிலும் பெற்றோர் உள்ள பிள்ளைகள் அனாதைகள் என்று பதிவு செய்யப்பட்டு அனுப்பப்பட்டதை, அரசே அமைத்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. சீனா 2024 செப்டம்பரில், நெருங்கிய உறவினர் தத்தெடுப்பதைத் தவிர, வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. நெதர்லாந்தும் இனி படிப்படியாக நிறுத்துவது என்று அதே ஆண்டில் முடிவு செய்தது.

அப்படியானால் வெளிநாட்டுத் தத்தே பாவமா? அப்படி நான் சொல்லவில்லை. நம் நாட்டில் 2024-25-இல் தத்தெடுக்கப்பட்ட 4,515 குழந்தைகளில் 4,155 பேர் உள்நாட்டிலேயே குடும்பம் பெற்றவர்கள். எஞ்சிய சிறு பகுதியில் பலர் நம்மவர்கள் வேண்டாம் என்று விட்டவர்கள். காது கேளாதவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள், ஆறு ஏழு வயது கடந்தவர்கள், பிரிக்க முடியாத அண்ணன் தங்கைகள். பெயர்ப் பட்டியலில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தம்பதியர் காத்திருக்கும் நாட்டில், இப்பிள்ளைகளுக்கு இத்தாலியிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோதான் ஆள் வர வேண்டியிருக்கிறது. சிவப்பாக, ஆறு மாதத்துக்குள், எந்த நோயும் இல்லாத பிள்ளை வேண்டும் என்று என்னிடம் வந்து கேட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் நற்கருணை வாங்குகிறவர்கள்தான்.

விவிலியத்தில் மோசேயும் வேற்று நாட்டவர் ஒருவரின் அரண்மனையில் தத்துப்பிள்ளையாக வளர்ந்தவர். மறையுரைகளில் நாம் பார்வோனின் மகளைப் புகழ்கிறோம். நாணலுக்கு அப்பால், என்ன ஆகிறது என்று பார்க்கத் தொலைவில் நின்ற அக்காவை மறந்துவிடுகிறோம். அவள் அங்கே நின்றதால்தான் அந்தத் தாய் தன் பிள்ளைக்குப் பாலூட்ட முடிந்தது, தன் மகன் எங்கே இருக்கிறான் என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. சிஸ்டரிடம் பேச மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். சட்டப்படியான வழியில் அல்லாமல் குழந்தையைத் தருவதும் பெறுவதும் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்றும் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. எழுந்து போகும்போது, "எங்களுக்காக ஒரு பூசையாவது வைங்க சாமி" என்றார். அன்று மாலையே மகளுக்குத் தொலைபேசியில் பேசினேன். எங்கே பதிய வேண்டும், எவ்வளவு காலம் ஆகும் என்று விளக்கினேன். கைக்குழந்தை என்றால் மூன்று ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கும் என்றதும் மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை. ஐந்தாறு வயதுப் பிள்ளை ஒன்றைப் பற்றியும் யோசித்துப் பாருங்கள் என்றேன். கணவரிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் பதில் வரவில்லை.