மருந்தே இல்லாத மறதி நோய்க்கு முதுகில் ஊசி எதற்கு?

"குணப்படுத்த மருந்தே இல்லைன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதுக்கு டாக்டர் முதுகுல ஊசி போட்டுத் தண்ணி எடுக்கணும்?"

மறதி நோயின் அரிய வகைகளில் ஒன்று இருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகப்படும்போது, குடும்பத்தினர் கேட்கும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் மகனோ மகளோ மனைவியோதான். நோயாளி கேள்வி கேட்கும் நிலையில் இருக்க மாட்டார். ஏற்கெனவே நான்கைந்து ஆஸ்பத்திரி ஏறி இறங்கி, கையில் இருந்த பணமும் கரைந்த பிறகு வரும் கேள்வி. அதில் கோபம் இருக்கும், பயமும் இருக்கும். இரண்டுமே நியாயம்.

ஆனாலும், அந்தப் பரிசோதனையைச் செய்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. "தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஏன் என்று பார்க்கலாம்.

சில மாதங்களில் எல்லாம் முடிந்துவிடும் நோய்

மறதி நோய் என்றாலே அல்சைமர்தான் நினைவுக்கு வரும். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் மெதுவாக, ஆண்டுக்கணக்கில் நகரும்.

க்ரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய் அப்படி இல்லை. சுருக்கமாக சி.ஜே.டி. என்பார்கள். 1920-21-ல் ஜெர்மன் மருத்துவர்கள் இருவர் தனித்தனியே விவரித்ததால் இருவர் பெயரும் சேர்ந்துகொண்டது. முதலில் தலைசுற்றல், பார்வைக் கோளாறு, தூக்கமின்மை, மனச்சோர்வு என்று ஏதோ ஒன்றில் தொடங்கும். கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று கண் டாக்டரிடம் போனவர்களும் உண்டு. சில வாரங்களில் நடை தள்ளாடும், பேச்சு குழறும், கை கால் திடீர் திடீரென்று துள்ளும், வீட்டில் இருப்பவர்களையே அடையாளம் தெரியாது. பெரும்பாலானோர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். பலருக்கு அது நான்கைந்து மாதங்களிலேயே முடிந்துவிடுகிறது.

உலக அளவில் பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு பேருக்கு இது வருகிறது. 2011 கணக்கெடுப்பின் 7.2 கோடி மக்கள்தொகைக்கு இதைப் பொருத்தினால் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 70 முதல் 140 பேர். இது வெறும் பெருக்கல் கணக்குதான், எண்ணிப் பார்த்த எண் அல்ல. ஆனாலும் 'அரிய நோய்' என்றால் 'நம்ம ஊர்ல இல்லாத நோய்' என்று அர்த்தமில்லை.

இதற்குக் காரணம் கிருமி இல்லை, புரதம். நம் எல்லோருடைய மூளையிலும் இருக்கும் ப்ரியான் என்ற புரதம் தவறாக மடங்கிக்கொள்கிறது. பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே மடக்கிவிடுகிறது. 'ப்ரியான்' என்ற பெயரை 1982-ல் வைத்தவர் ஸ்டான்லி புருசினர். பலரும் நம்ப மறுத்த அந்தக் கருத்துக்காக 1997-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

முதுகில் எடுக்கும் தண்ணியில் என்ன தெரியும்?

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி, தண்ணீர்போலத் தெளிந்த ஒரு திரவம் இருக்கிறது. பெரியவர்களுக்கு எந்த நேரத்திலும் சுமார் 150 மில்லி. உடல் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 மில்லி உற்பத்தி செய்து பழையதை மாற்றிக்கொண்டே இருக்கும். மூளையில் செல்கள் சிதைந்தால், அவற்றின் உள்ளே இருந்த பொருட்கள் இந்தத் திரவத்தில் கசியும். மூளையை வெட்டிப் பார்க்காமலே அங்கே என்ன நடக்கிறது என்று அறிய இந்த நீர்தான் வழி. இப்படி நோயைக் காட்டிக்கொடுக்கும் பொருட்களைத்தான் 'பயோமார்க்கர்' என்கிறார்கள்.

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, புகை மாதிரி. புகை வந்தால் எங்கேயோ எரிகிறது என்று தெரியும், எரிவது குப்பையா கூரையா என்று தெரியாது. சி.ஜே.டி.க்கு 1996 முதல் பேசப்பட்டுவரும் 14-3-3 என்ற புரதம், டாவ் புரதம், நரம்பு இழைகளிலிருந்து வெளியேறும் நியூரோஃபிலமென்ட் எல்லாம் இந்த வகை. நரம்பு செல்கள் வேகமாக அழிகின்றன என்று சொல்லும். பக்கவாதத்திலும் மூளைக் காய்ச்சலிலும்கூட 14-3-3 தென்படலாம். அதை மட்டும் வைத்து ஒருவருக்கு இந்த நோய்தான் என்று முடிவுகட்ட முடியாது.

இரண்டாவது வகை, உறைமோர் மாதிரி. ஒரு சொட்டு மோர் விட்டால் பால் முழுக்கத் தயிராகிறது இல்லையா? தவறாக மடங்கிய ப்ரியானும் அதைத்தான் செய்கிறது. ஆர்.டி.-குயிக் என்ற பரிசோதனை இந்தக் குணத்தையே பயன்படுத்துகிறது. ஆய்வகத்தில் தயாரித்த நல்ல ப்ரியான் புரதத்தில் நோயாளியின் தண்டுவட நீரைச் சிறிதளவு சேர்ப்பார்கள். குலுக்குவார்கள், கொஞ்ச நேரம் விடுவார்கள், திரும்பக் குலுக்குவார்கள். அந்த நீரில் 'உறை' இருந்தால் நல்ல புரதமும் மாறத் தொடங்கும். அப்போது கலவையில் இருக்கும் சாயம் ஒளிரும்.

2011-ல் அறிமுகமாகி, பின்னர் மேம்படுத்தப்பட்ட இந்தச் சோதனை, சி.ஜே.டி. உள்ளவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. நோய் இல்லாதவருக்கு இருப்பதாகக் காட்டுவது மிக மிக அபூர்வம். முன்பெல்லாம் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றிருந்த நோயை, உயிரோடு இருக்கும்போதே ஏறக்குறைய உறுதியாகச் சொல்ல முடிகிறது.

அது அந்த நோயே இல்லாமல் இருக்கலாம்

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். மருந்து இல்லாத நோய்க்கு எதற்கு டெஸ்ட்?

என் முதல் பதில்: அது மருந்து இல்லாத நோய்தான் என்று டெஸ்ட் எடுக்கும் முன் எப்படித் தெரியும்?

அமெரிக்காவின் தேசிய ப்ரியான் நோய் கண்காணிப்பு மையத்துக்கு, இந்த நோய் என்ற சந்தேகத்தோடு அனுப்பப்பட்ட 1,106 பேரின் மூளைகளை, இறப்புக்குப் பிறகு பரிசோதித்த முடிவுகள் 2011-ல் வெளியாகின. அவர்களில் 352 பேருக்கு ப்ரியான் நோயே இல்லை. அந்த 352 பேரில் 71 பேருக்கு இருந்தது சிகிச்சை அளிக்கக்கூடிய வேறு நோய்கள். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. சரியான நேரத்தில் கண்டுபிடித்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் முயன்று பார்க்க ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும்.

நம் உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே மூளையைத் தாக்கும் ஒருவகை மூளையழற்சி இதற்கு நல்ல உதாரணம். அதிலும் வேகமான மறதி, குழப்பம், கை துள்ளுதல் எல்லாம் வரும். பார்க்க சி.ஜே.டி. மாதிரியே இருக்கும். ஆனால் ஸ்டீராய்டு போன்ற மருந்துகளால் பலர் தேறி வீடு திரும்புகிறார்கள். இந்த வகை நோய்களை அடையாளம் காட்டும் எதிர்ப்பொருள்களில் முக்கியமான ஒன்றை ஜோசப் டால்மாவ் குழு 2007-ல்தான் விவரித்தது. அவற்றை ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் தேடுவார்கள். மூளைக்காசநோயையும் வேறு சில தொற்றுகளையும் கண்டுபிடிக்க உதவுவதும் இதே நீர்தான்.

ஆக, இந்த ஊசி 'மருந்து இல்லாத நோயைத்' தேடுவதற்கு மட்டுமல்ல. மருந்து இருக்கும் நோய் எதையும் தவறவிடாமல் இருப்பதற்கும்தான்.

சரி, அந்த நோயேதான் என்றால்?

அப்போதும் தெரிந்துகொள்வதில் பயன் உண்டு.

ஒரு பெயர் கிடைத்தால் அலைச்சல் நிற்கும். அடுத்த ஸ்கேன், அடுத்த ஊர், அடுத்த வைத்தியர், பிறகு பரிகாரம் என்று நிலத்தை விற்றுக்கொண்டே போகும் குடும்பம், மீதி இருக்கும் நாட்களை நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கழிக்கலாம். துள்ளலையும் பதற்றத்தையும் குறைக்க மருந்துகள் உண்டு. வலி, உணவு, படுக்கைப்புண் பற்றி முன்கூட்டியே திட்டமிடலாம். தொட்டாலோ, சோறு ஊட்டினாலோ, கூடவே படுத்தாலோ இந்த நோய் ஒட்டாது என்பதையும் உறுதியாகச் சொல்லலாம். காரணம் தெரியாதபோது பயத்தில் ஒதுக்கிவைக்கப்படும் நோயாளிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆஸ்பத்திரிக்கும் தெரிய வேண்டும். வழக்கமான முறையில் கருவிகளைச் சுத்தம் செய்தால் ப்ரியான் அழியாது. மூளை அறுவை சிகிச்சைக் கருவிகள் வழியாக அடுத்தவருக்குப் போக வாய்ப்பு உண்டு.

அடுத்த தலைமுறைக்கும் இதில் பங்கு இருக்கிறது. சி.ஜே.டி.யில் 10 முதல் 15 சதவீதம் மரபுவழி வருவது. அமெரிக்காவைச் சேர்ந்த சோனியா வல்லபின் தாய் 2010-ல் ப்ரியான் நோயால் இறந்தார். அதே மரபணு மாற்றம் தனக்கும் இருப்பதை 2011-ல் சோனியா தெரிந்துகொண்டார். சட்டம் படித்த அவரும், கணவர் எரிக் மினிகெலும் தங்கள் வேலைகளை விட்டு, அறிவியல் படித்து, ப்ராட் நிறுவனத்தில் இந்த நோய்க்கான ஆய்வுக்குழுவை நடத்துகிறார்கள். மூளையில் ப்ரியான் புரதத்தின் அளவையே குறைக்கும் மருந்துதான் அவர்கள் நம்பும் வழி.

அந்த மருந்து வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நோய் வருகிறதா என்று இருபது வருடம் காத்திருக்க முடியாது. தண்டுவட நீரில் ப்ரியான் அளவு குறைகிறதா என்று பார்க்கலாம். அதற்கு முதலில், மருந்து இல்லாதபோது ஒருவருக்கு அந்த அளவு நிலையாக இருக்கிறதா என்று தெரிய வேண்டும். நிலையாகத்தான் இருக்கிறது என்று அவர்கள் குழு 2019-ல் காட்டியது. அதைக் காட்ட முடிந்தது, தன்னார்வலர்கள் திரும்பத் திரும்ப முதுகில் ஊசி போட்டுக்கொள்ளச் சம்மதித்ததால்தான்.

நடக்கிற கதையா என்று கேட்கலாம். பக்கத்து நோய் ஒன்றில் நடந்திருக்கிறது. தசைகளைச் செயலிழக்க வைக்கும் ஏ.எல்.எஸ். நோயின் ஒரு மரபுவழி வகைக்கு, டோஃபர்சன் என்ற மருந்தை 2023 ஏப்ரலில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் விரைவு முறையில் அனுமதித்தது. அதற்கு அடிப்படை, ரத்தத்தில் நியூரோஃபிலமென்ட் அளவு குறைந்தது. அந்த மருந்தைச் செலுத்துவதும் இதே முதுகு ஊசி வழியாகத்தான்.

பயமும் எச்சரிக்கையும்

"முதுகுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிடும்" என்ற பயம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புக்குக் கொஞ்சம் மேலேயே முடிந்துவிடும். ஊசி போடுவது அதற்கும் கீழே. பலருக்கு இரண்டு மூன்று நாள் தலைவலி வரலாம், அதை மறைக்க வேண்டியதில்லை. மூளையில் கட்டியோ அதிக அழுத்தமோ இருந்தால், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தால் ஆபத்து உண்டு. அதனால்தான் முதலில் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும். இதையெல்லாம் குடும்பத்துக்குத் தமிழில், பொறுமையாக, கையெழுத்து வாங்குவதற்கு முன்பு சொல்ல வேண்டும். படிவத்தை நீட்டி "இங்க கையெழுத்து போடுங்க" என்பது விளக்கம் ஆகாது. பயத்துக்குப் பாதிக் காரணம் அந்த அவசரம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்துபோகும் எல்லோருக்கும் இந்தச் சோதனை தேவையில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வேகமாக மோசமாகும் மறதி, இளம் வயதில் வரும் மறதி, துள்ளலோ வலிப்போ சேர்ந்து வரும் மறதி என்றால் தாமதிக்கக் கூடாது. மரபணு சோதனை வேறு விஷயம். அதன் முடிவு பிள்ளைகளையும் பாதிக்கும் என்பதால், ஆலோசனை பெற்ற பிறகே, விரும்பினால் மட்டுமே செய்ய வேண்டும். 'எனக்குத் தெரிய வேண்டாம்' என்று சொல்லவும் ஒருவருக்கு உரிமை உண்டு.

ஆர்.டி.-குயிக் மாதிரியான சோதனைகள் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் எடுத்த நீரைச் சரியான குளிரில் வைத்து, சரியான ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவைத் திரும்பப் பெற ஓர் ஏற்பாட்டை அரசு செய்து தரலாம். அதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஊசியைப் பரிந்துரைத்தால், 'எதுக்கு?' என்று கட்டாயம் கேளுங்கள். கூடவே இன்னும் மூன்று கேள்விகள்: சரிசெய்யக்கூடிய எந்தெந்த நோய்களை இதில் தேடப் போகிறீர்கள்? நீரை எந்த ஆய்வகத்துக்கு அனுப்புவீர்கள்? முடிவு வந்ததும் எங்களுக்கு யார் விளக்குவார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால், தயங்காமல் சம்மதியுங்கள்.