அடுத்திருப்பவர் யார்?



ஜூன் திங்கள் பிறந்ததும் நம் கொங்கு நாட்டு ஊர்களில் புதுப் புத்தகப் பையின் மணமும், பள்ளி வாயிலில் தாயின் சேலைத் தலைப்பை விட மறுக்கும் சிறார்களின் அழுகையும் ஒருங்கே எழுகின்றன. மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும், "என்ன எழுதினாய்? என்ன படித்தாய்?" என்று வினவுகிறோம். ஆனால் முதல் நாளன்று பிள்ளை கற்பது எழுத்தன்று. தனக்கு அடுத்து அமர்ந்திருப்பவர் யார், அவ்விடத்தில் தனக்கும் பங்குண்டா என்பதையே அது கற்றுக்கொள்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு பங்கின் தொடக்கப்பள்ளிக்குத் தாளாளராக இருந்தேன். பள்ளி திறந்த நாளில் முதல் வகுப்பைப் பார்வையிட்டேன். பாடம் நடக்கவில்லை. பிள்ளைகளைப் பாயில் வட்டமாக அமர்த்தி, ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்லாமல் பக்கத்திலிருப்பவரின் பெயரைக் கேட்டு வகுப்புக்கு அறிவிக்குமாறு ஆசிரியை பணித்திருந்தார். காலனியிலிருந்து வந்த சிறுவன் ஒருவன் வாய் திறக்கவேயில்லை. அருகிலிருந்த சிறுமி அவன் காதருகே குனிந்து கேட்டு, அவன் மெல்லச் சொன்ன பெயரை உரக்கச் சொன்னாள். அப்போதுதான் அவன் தலை நிமிர்ந்தது.

இரண்டு நாள் கழித்து அச்சிறுமியின் தந்தை வந்தார், பங்கில் மதிப்புள்ளவர். "சாமி, பாப்பாவ மட்டும் வேற எடத்துல உக்கார வெக்கச் சொல்லுங்க" என்றார். காரணத்தை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே இருவருக்கும் விளங்கியது. திருவிழா நெருங்கிய வேளையில் மனத்தாங்கல் வேண்டாமென்று எண்ணி நானும் இசைந்தேன். மறுநாள் அச்சிறுவனின் பக்கத்து இடம் வெறுமையாய்க் கிடந்தது. அவன் ஏனென்று கேட்கவில்லை. கேளாதிருக்க அந்த வயதிலேயே கற்றிருந்தான். ஆசிரியை ஒரே நாளில் கட்டியதை நான் ஒரே சொல்லால் இடித்துவிட்டேன்.

இந்தக் கோவை மண்ணிலேயே அதற்கு மாறான சான்று உண்டு. 1930-இல் தி. சு. அவினாசிலிங்கம் இராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கியபோது, தாழ்த்தப்பட்ட சமூகத்துச் சிறுவரையும் சேர்த்துக்கொண்டு, எல்லாரும் ஒன்றாக உண்டு, உறங்கிப் பயிலச் செய்தார். பிற்பாடு சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராகவும் விளங்கிய அவர், சமத்துவத்தைப் பாடமாக எழுதிப் போடுவதோடு நில்லாமல் பந்தியிலும் பாயிலும் நடத்திக் காட்டினார்.

இன்று அந்தத் தேவை தீர்ந்துவிட்டதென்று எவரும் சொல்ல இயலாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர்களை அகர வரிசைப்படி அமர்த்தவேண்டும், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. யாருக்கு அடுத்து யார் அமர்வது என்பது எத்துணைப் பெரிய செய்தி என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. 2025-இல் வகுப்பறைகளில் 'ப' வடிவில் இருக்கை அமைப்பது பற்றி எழுந்த விவாதத்தையும் அறிவீர்கள். பிள்ளைகளின் கழுத்து வலிக்கும் என்று சிலர் அஞ்சினர்; கடைசி வரிசை என்பதே இராது என்று சிலர் மகிழ்ந்தனர். வடிவம் எதுவாயினும், ஒரு பிள்ளையும் ஒதுங்கிப் போகாதிருப்பதே நோக்கம்.

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2024 ஜூலையில் ஊரகப் பகுதியின் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே உப்புமாவை உண்ணும் பிள்ளைகளிடம் பெரியவர்கள் நாம் கற்கவேண்டியது மிகுதி.

ஆசிரியப் பெருமக்களே, முதல் வாரத்திலேயே எல்லாப் பெயர்களையும் எல்லாப் பிள்ளைகளும் அறியச் செய்யுங்கள். வாரந்தோறும் இடம் மாற்றி அமர்த்துங்கள். தாளாளர்களே, என்னைப்போல் இசைந்துவிடாதீர்கள். பெற்றோரே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். முதல் நாள் மாலையில், "பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்? பெயர் என்ன?" என்று கேளுங்கள். பிள்ளை பெயரைச் சொல்லும். அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "எந்தத் தெரு? யார் வீட்டுப் பிள்ளை?" என்ற அடுத்த கேள்வியில்தான் நஞ்சு கலக்கிறது.

தனக்கு அடுத்திருப்பவர் யாரென்று ஆண்டவரிடம் ஒருவர் கேட்டார். விடையாக நல்ல சமாரியரின் கதை பிறந்தது. அக்கேள்விக்கு அன்று பாயில் அமர்ந்திருந்த சிறுமி விடை அறிந்திருந்தாள். மறையுரையில் அக்கதையைப் பலமுறை விளக்கிய நான் அறியாதிருந்தேன். அவள் உரக்கச் சொன்ன அந்தப் பெயர் ஒவ்வொரு ஜூன் மாதமும் என் காதில் ஒலிக்கிறது.