தேக்கு மணக்கிறது, தோல் நாறுகிறதா?

புதிதாக அறுத்த தேக்குப் பலகையை முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா தோழர்களே? சந்தனம்போல அது தூக்கலாக மணக்காது. வேம்பைப்போலக் கசப்பும் காரமுமாக மூக்கில் ஏறாது. வாகையை அறுத்தால் பறக்கிற தூள் தும்மவைக்கும். தேக்கு அப்படியும் இல்லை. எண்ணெய்ப் பசையோடு, பதனிட்ட தோலின் வாசம் அடிக்கும். மரம் தெரிந்தவர்களே இந்த ஒப்புமையைச் சொல்கிறார்கள்.

தலைவாசலுக்குத் தேக்கு வாங்க வருகிறவர் அதை ஆசையாக முகர்ந்து, “வைரம் பாய்ஞ்ச மரம்” என்கிறார். தோல் தொழிற்சாலையில் வேலை முடித்து வருகிறவரின் சட்டையில் அதே வாசம் இருந்தால், பேருந்தில் இடம் மாறி உட்காருகிறார். மரத்தில் இருந்தால் வாசம், ஆள்மேல் இருந்தால் நாற்றம். (பழந்தமிழில் நாற்றம் என்பது நறுமணத்தையும் குறித்தது. அந்தச் சொல்லையும் கீழே தள்ளிவிட்டார்கள்.)

பச்சைத் தோலும் சுண்ணாம்புத் தொட்டியும் நாறாது என்று நாங்கள் சொல்லவில்லை. நாறும். அந்தத் தொட்டியில் தலைமுறை தலைமுறையாக யாரை இறக்கினார்கள் என்பதுதான் எங்கள் கேள்வி. ஆனால் பதனிட்ட தோலின் வாசம் எங்கிருந்து வந்தது? குரோம் உப்பு வருவதற்கு முன்பு இங்கே தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் வைத்துத்தான். பட்டையின் துவர்ப்பு தோலுக்குள் இறங்கி அதை அழுகாமல் காக்கும். அதாவது, தோல் வாசம் என்று முகம் சுளிக்கிறோமே, அதில் பாதி செடியின் வாசம், மரத்தின் வாசம். இந்த வேதியியலைக் கையில் வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்த பெயர் இழிதொழில் செய்கிறவர்கள்.

தோலில் மட்டுமல்ல, மரத்திலும் இதே கதைதான். முகர்கிறவர் ஒருவர், வெட்டுகிறவர் வேறொருவர். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டார்கள். இருளர் குடும்பங்கள், குழந்தைகளும் இருந்தார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல். இடையில் 43 வருடம். சிறு தொகை முன்பணத்துக்காக விடியும் முன்பே வெட்டப் போகிறவருக்குப் பச்சை மரத்தின் வாசம் என்னவாக இருக்கும் என்று எந்த ரசனைக் கட்டுரையிலும் நாங்கள் படித்ததில்லை.

களப்பணிக்குப் போகிற மாணவர்கள் ஒரு மரவாடிக்கும் போய்ப் பாருங்கள். தாராளமாக முகருங்கள். பிறகு, இது எந்த ஊர் மரம், யார் வெட்டினார்கள், கூலி எவ்வளவு என்று கேளுங்கள். நாங்கள் கேட்டபோது டீ வந்தது, பதில் வரவில்லை.