மலிவு வேறு, மட்டம் வேறு

மளிகைக் கடைக்காரனுக்குக் கிதாரைப் பற்றி என்ன பேச்சு என்று வணிக நண்பர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

சென்ற மாதம் என் தங்கை மகன் எலக்ட்ரிக் கிதார் ஒன்று வாங்கி வந்தான். விலை குறைந்த சரக்கு. சுருதி சேர்த்து ஒரு பாட்டு வாசித்து முடிப்பதற்குள் சுருதி கலைந்துவிடும். வாங்கிய கடையில் போய்க் கேட்டான். "இந்த விலைக்கு இவ்வளவுதான் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தனக்குத்தான் இசை வராது போலிருக்கிறது என்று பையன் அதை மூலையில் சாத்தி வைத்துவிட்டான்.

வாத்தியம் பழுது பார்க்கும் ஒருவரிடம் அதை எடுத்துப் போனேன். அவர் பார்த்துவிட்டு, "முறுக்கும் சாவியில் குறை இல்லை அண்ணாச்சி. தலைப்பக்கம் கம்பி உட்காரும் பள்ளம்தான் குறுகலாக இருக்கிறது" என்றார். கம்பியை வளைத்து வாசிக்கும்போது அது அந்தப் பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது. பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. சாவியைத் திருகும்போது 'டிங்' என்று சத்தம் கேட்டால் அதுதான் அடையாளமாம்.

சிறு அரத்தால் பள்ளத்தைச் சீர் செய்து, பென்சில் கரியைத் தடவினார். புதுக் கம்பிகளைக் கையால் இழுத்துவிட்டு, தளர்ச்சி போகும்வரை திரும்பத் திரும்பச் சுருதி சேர்த்தார். 12ஆம் மெட்டில் விரலை வைத்தால் வெறும் கம்பியின் சுரமே மேல் ஸ்தாயியில் ஒலிக்க வேண்டும். இதில் சற்று ஏறி ஒலித்தது. அடிப்பக்கம் கம்பியைத் தாங்கும் துண்டைச் சிறிது பின்னுக்கு நகர்த்தினார். மொத்தம் முக்கால் மணி நேர வேலை. இன்று கிதார் சுருதியில் நிற்கிறது. பையனும் வாசிக்கிறான்.

இந்த முக்கால் மணி நேரத்தை விற்ற கடையிலேயே செலவிட்டிருந்தால் என்ன?

மலிவுச் சரக்கு என்றால் மட்டமாகத்தான் இருக்கும் என்பது சரியல்ல. அமெரிக்காவில் சியர்ஸ் ரோபக் என்ற நிறுவனம், துணிமணி முதல் தையல் இயந்திரம் வரை தபால் மூலம் விற்ற பெரிய வியாபாரம். அவர்கள் 'சில்வர்டோன்' என்ற பெயரில் குறைந்த விலைக் கிதார்களையும் விற்றார்கள். அவற்றில் பலவற்றைச் செய்து கொடுத்தது, நேதன் டேனியல் 1947இல் தொடங்கிய டேன்எலக்ட்ரோ நிறுவனம்.

அவர் எங்கே சிக்கனம் பிடித்தார் என்று பாருங்கள். உடலுக்கு விலையுயர்ந்த மரம் கிடையாது. மரச்சட்டத்தின் மேல் மேசனைட் என்ற அழுத்திய மரநார்ப் பலகை. ஒலியை வாங்கும் பிக்கப்புக்கு லிப்ஸ்டிக் குழல்தான் மூடி. ஆனால் கழுத்துக்குள் மட்டும் எஃகுச் சட்டம் வைத்தார். கம்பிகளின் இழுவையில் கழுத்து வளைந்தால் சுருதி நிற்காது அல்லவா? குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கம்பிகளைத் தாங்கும் துண்டு ஒரே மரத்துண்டு. ஒவ்வொரு கம்பிக்கும் தனியாகச் சரிசெய்ய வழியில்லை. ஆனாலும் அந்த ஒலிக்கென்றே விரும்பிகள் உண்டு. லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ் டேன்எலக்ட்ரோ கிதாரை மேடையில் வாசித்தவர். பழைய சில்வர்டோன்களை இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

நம் தொழிலிலும் இதே நியாயம்தான். குருணை அரிசியை மலிவாக விற்கலாம், அதில் தவறில்லை. கல்லோடு விற்கக் கூடாது. பளபளப்பில் குறைக்கலாம், பெட்டியில் குறைக்கலாம். எதற்காக ஒரு பொருளை வாங்குகிறார்களோ அதில் குறைக்கக் கூடாது.

சாவியே ஆட்டம் கண்டிருந்தாலோ, கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தாலோ கடைக்காரர் என்ன செய்ய முடியும் என்பீர்கள். அப்படிப்பட்ட சரக்கை மொத்த வியாபாரிக்குத் திருப்பி அனுப்புவதுதான் முறை. மொத்த வியாபாரிகளும் பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே கைமாற்றிவிடும் வழக்கத்தை விட வேண்டும்.

விலை உயர்ந்த சரக்கை வாங்குபவருக்கு நாலு இடம் தெரியும். மலிவுச் சரக்கை வாங்குபவர் பெரும்பாலும் முதல் முறை வாங்குபவர். நம்மை நம்பித்தான் வருகிறார். பொருளின் குறையைத் தன் குறை என்று எண்ணி அவர் ஒதுங்கிவிட்டால், நாளை கம்பி வாங்கவும் வரமாட்டார், நல்ல கிதார் வாங்கவும் வரமாட்டார். நஷ்டம் நமக்குத்தான்.

"இந்த விலைக்கு இவ்வளவுதான்" என்று சொல்லுமுன், நாம் செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்டோமா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.